பெந்தெகொஸ்தே தீவில் ஊர் எப்படி நடக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலனீசியத் தீவு வாழ்க்கையைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாத் தீவுக்கும் சேர்த்துப் பொதுவாகப் பதில் சொன்னால் எதற்குமே பொருந்தாது. அதனால் வனுவாட்டு நாட்டின் பெந்தெகொஸ்தே தீவை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் தீவு எங்கே இருக்கிறது?

தென் பசிபிக்கில், ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே. வனுவாட்டுவில் எண்பதுக்கும் மேல் தீவுகள், மொத்த மக்கள்தொகை சுமார் 3 லட்சம். பெந்தெகொஸ்தே அதில் வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு, பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஒடுங்கிப்போன தீவு. நடுவில் நெடுக மலை. கிழக்குக் கரையில் மழையும் முரட்டுக் கடலும் அதிகம் என்பதால் மேற்குக் கரையில்தான் ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. 2009 கணக்கெடுப்பில் சுமார் 17,000 பேர். 1768-இல் பிரெஞ்சு மாலுமி பூகேன்வில் இந்தப் பக்கம் வந்த நாள் பெந்தெகொஸ்தே திருநாள், அந்தப் பெயர் வரைபடத்தில் நின்றுவிட்டது. விமானம் இறங்க வடக்கே சாரா, தென்மேற்கே லொனொரொரே என்று இரண்டு சின்ன ஓடுதளங்கள் உண்டு. மற்றதெல்லாம் கப்பல்தான்.

17,000 பேருக்கு ஒரே மொழிதானே?

இல்லை. வடக்கே ராகா, நடுவில் அப்மா, தெற்கே சா. இது தவிர ஸ்கே என்ற மொழியைச் சில நூறு பேர் பேசுகிறார்கள், சோவா என்ற மொழி பேச ஆளில்லாமல் போய்விட்டது. வேறு தீவுக்காரர்களோடு பேச பிஸ்லாமா. பள்ளியில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு, ஏனென்றால் 1906 முதல் 1980 வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து இந்த நாட்டை ஆண்டன. இரண்டு நிர்வாகம், இரண்டு போலீஸ், இரண்டு பள்ளி முறை. அந்தப் பிளவு இன்றும் தீவில் தெரியும்: மெல்சிசியில் கத்தோலிக்க மிஷன் வழி வந்த பிரெஞ்சுப் பள்ளி, ரன்வாடியில் ஆங்கிலப் பள்ளி. 1980 ஜூலை 30 அன்று நாடு விடுதலையானபோது முதல் பிரதமரானவர் வட பெந்தெகொஸ்தேயில் பிறந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் வால்ட்டர் லினி.

அவர்கள் ஏழைகளா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததும் இதுதான். கையில் ரொக்கம் குறைவு, அது உண்மை. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குச் சொந்தமாகத் தோட்டம் இருக்கும், அதில் பெருவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழை, கீரை. வீட்டைச் சுற்றித் தென்னையும் ஈரப்பலாவும். கொட்டிலில் பன்றி, கரையில் மீன். கிழங்கையோ வாழைக்காயையோ துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சூடான கற்களுக்கு நடுவே வேகவைக்கும் லாப்லாப் ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் கட்டாயம். வீட்டுச் சுவர் மூங்கில், கூரைக்கு நத்தங்குரா என்ற பனை இனத்தின் ஓலை. இதில் எதற்கும் பணம் தேவையில்லை.

பணம் எதற்கு வேண்டும் என்றால் பள்ளிக் கட்டணம், சோப்பு, அரிசி, கப்பல் டிக்கெட், போன் ரீசார்ஜ், நோய் வந்தால் பெரிய தீவுக்குப் போகும் செலவு. பசி என்பது புயல் வருஷத்தில் மட்டும் வருகிற விஷயம், ஆனால் பணமுடை வருஷம் முழுக்க உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி "பின்தங்கிய தீவு" என்று முத்திரை குத்திவிட்டுத் திட்டம் போட வருபவர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை என்பது என் வருத்தம். மக்களின் மகிழ்ச்சியையும் இயற்கைக்கு அவர்கள் தரும் சுமையையும் சேர்த்து அளக்கும் மகிழ்ச்சிக் கோள் குறியீட்டில் (Happy Planet Index) வனுவாட்டு 2006-இல் உலகத்திலேயே முதலிடம் வந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவதும் தப்புதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாடே முன்னோட்டமாகச் செய்து 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு: வருமானத்தை மட்டும் கேட்காமல், உங்களுக்கு நிலம் இருக்கிறதா, தாய்மொழியும் பாரம்பரிய அறிவும் தெரியுமா, கஷ்டம் வந்தால் உதவ ஆள் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். எதை அளப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வனுவாட்டு வெளியே வந்தது 2020 டிசம்பரில்.

பன்றிப் பல்லும் பாயும் பணமாக ஓடுகிறதாமே, நிஜமா?

நிஜம். கண்காட்சிக்காகச் செய்வதில்லை, இன்றும் கல்யாணம், சாவு, சமாதானம், பதவி எல்லாம் இதில்தான் நடக்கிறது. ஆண் பன்றியின் மேல் கோரைப்பல்லைப் பிடுங்கிவிட்டால் கீழ்ப்பல் தடையில்லாமல் வளைந்து வளர்ந்து வட்டமாகிவிடும். அதற்குப் பல வருஷம் ஆகும், அத்தனை வருஷமும் அந்தப் பன்றிக்குக் கையால் தீனி கொடுத்து வளர்க்க வேண்டும். அந்தப் பல்தான் நாட்டுக் கொடியில் இருக்கிறது. வடக்கே தலைவராக உயர நினைப்பவர் படிப்படியாகப் பன்றிகளைக் கொன்று, ஊருக்குப் பங்கு வைத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய பட்டத்தை வாங்க வேண்டும்.

பாய் நெய்வது பெண்கள் வேலை. தாழை ஓலையைப் பின்னி, வாழைப்பட்டையில் வெட்டிய அச்சை மேலே சுற்றிக்கட்டி, சாயத்தில் சிவப்பேற்றுவார்கள். ஒரு சண்டைக்கு அபராதம் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னால் அது பாயாகவும் பன்றியாகவும், காவா என்ற பானத்துக்கான வேராகவும் போகும். ஆக, அந்த ஊரின் செலாவணியில் ஒரு பெரும்பகுதியைத் தயாரிப்பது பெண்கள். வெளியிலிருந்து வருகிற வருமானக் கணக்கில் இந்த உழைப்பு எங்கேயும் பதிவாவதில்லை. வட பெந்தெகொஸ்தேயில், பாரம்பரிய வாழ்க்கைமுறையைக் காக்க எழுந்த துராகா இயக்கத்தார் லவத்மங்கெமு ஊரில் தங்புனியா என்று ஒரு வங்கியே வைத்தார்கள், அங்கே கணக்கு பன்றிப் பல்லிலும் பாயிலும். அரசாங்கமும் 2007-ஐப் பாரம்பரியப் பொருளாதார ஆண்டு என்று அறிவித்தது. பள்ளிக் கட்டணத்தைப் பாயாகவும் விளைச்சலாகவும் வாங்கிக்கொள்ளலாமே என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்தது. எனக்கு அது மிகச் சரியான பேச்சாகத் தோன்றுகிறது.

நிலம் யார் பெயரில் இருக்கும்?

குலத்தின் பெயரில். நாட்டின் எல்லா நிலமும் மரபுவழிச் சொந்தக்காரர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் உரியது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். வெளியாள் வாங்க முடியாது, 75 வருஷம் வரை குத்தகை எடுக்கலாம். தலைநகர் போர்ட் விலா இருக்கும் எஃபாத்தே தீவில் கடற்கரையின் பெரும்பகுதி அப்படிக் குத்தகையில் போய்விட்டது. சொந்தக்காரர் யார் என்று தகராறு இருக்கும் நிலத்துக்குக்கூட அமைச்சரே கையெழுத்துப் போட முடிந்ததுதான் காரணம். 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதைத் தடுத்தது, இப்போது குலம் முழுவதும் கூடிச் சம்மதிக்க வேண்டும். ரால்ஃப் ரெகென்வானு அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தது இது.

பெந்தெகொஸ்தேயில் பெரிய குத்தகைகள் இல்லை. தண்ணீர்த் தொட்டி கட்டுவதானாலும் பள்ளிக்கு ஒரு கட்டடம் போடுவதானாலும் முதல் கேள்வி "இது யார் நிலம்" என்பதே. இதை முதலில் பேசித் தீர்க்காத திட்டம் பாதியில் நிற்கும். வடக்கிலும் நடுவிலும் வம்சம் தாய்வழியாக வருகிறது: தபி, புலே என்று இரண்டு பிரிவு, ஒன்றில் பிறந்தவர் மற்றதில்தான் கல்யாணம் கட்ட வேண்டும், தாய்மாமனுக்குப் பெரிய மரியாதை. தெற்கே தந்தைவழி. ஒரே தீவிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒரே படிவத்தை எல்லா ஊரிலும் நீட்டி என்ன பயன்?

காவா என்பது சாராயமா?

இல்லை. மிளகுக்கும் வெற்றிலைக்கும் சொந்தக்காரச் செடி அது. வேரை அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து, சிரட்டையில் ஊற்றிச் சாயங்காலம் குடிப்பார்கள். நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், மனசு அமைதியாகும். இடம் நகமால், அதாவது ஊர்க்கூட்டம் கூடும் பெரிய குடிசை. பிஜியில் இருக்கும் தமிழ் வம்சாவளியினர் வீட்டு விசேஷத்தில் குடிக்கும் யங்கோனாவும் இதே செடிதான்.

தீவின் பொருளாதாரத்தைத் தாங்குவது இன்றைக்குக் காவாதான். நாட்டிலேயே அதிகமாகக் காவா விளைகிற இடம் பெந்தெகொஸ்தே, இங்கத்திய பொரோகு ரகத்துக்குத் தனி மவுசு. தண்டை வெட்டி நட்டால் மூன்று முதல் ஐந்து வருஷத்தில் பிடுங்கலாம். அவசரமில்லாவிட்டால் மண்ணிலேயே விட்டுவைக்கலாம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்தில் நாலு செடி பிடுங்கினால் போதும். கொப்பரை விலை விழுந்துகிடந்த காலத்திலும் குடும்பங்களைக் கைதூக்கிவிட்டது இந்தச் செடி. கல்லீரலுக்குக் கெடுதல் என்று சொல்லி 2002-இல் ஜெர்மனி தடை போட, வேறு சில ஐரோப்பிய நாடுகளும் கூடவே போட, ஏற்றுமதி படுத்துவிட்டது. 2014-இல் ஜெர்மன் நீதிமன்றமே அந்தத் தடை செல்லாது என்றது, ஆனாலும் ஐரோப்பாவில் கெடுபிடி முழுவதும் நீங்கவில்லை. ஆஸ்திரேலியா 2021 டிசம்பரில் வணிக இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது.

குறையும் சொல்லியாக வேண்டும். விலை ஏறும்போது எல்லோரும் காவாவையே நடுகிறார்கள். கிழங்குத் தோட்டம் சுருங்குகிறது, மலைமேல் காடு வெட்டுப்படுகிறது, வாங்கின காசு அரிசிக்கும் டின் மீனுக்கும் போகிறது. ராத்திரி நெடுநேரம் நகமாலில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் தோட்டத்துக்குப் போகாத ஆண்கள் வீட்டில், வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுகிறது.

காட்டுக் கொடியைக் காலில் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது இந்தத் தீவில்தானே?

ஆமாம், ஆனால் தெற்கே சா மொழி பேசும் ஊர்களில் மட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, பெருவள்ளி அறுவடையை ஒட்டி நடக்கும். ஆணி இல்லாமல் மரமும் கொடியும் வைத்தே இருபது முப்பது மீட்டர் கோபுரம் கட்டி, ஒவ்வொருவர் எடைக்கும் உயரத்துக்கும் தக்கபடி கொடி அளந்து, கணுக்காலில் கட்டிக் குதிப்பார்கள். மழைக்காலம் முடிந்த அந்த மாதங்களில்தான் கொடியில் நெகிழ்வு சரியாக இருக்கும். 1974-இல் எலிசபெத் ராணி வருகிறார் என்று காலனி நிர்வாகத்துக்காகப் பிப்ரவரியிலேயே குதிக்கவைத்தார்கள். கொடி அறுந்து ஒருவர் விழுந்து இறந்தார். ஊர் வைத்திருக்கும் நாட்கணக்குக்குக் காரணம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சாட்சி வேண்டாம்.

சுற்றுலாப் பயணிகள் கட்டும் தொகை பெரியது, அதனாலேயே எந்த ஊருக்கு எவ்வளவு என்ற சச்சரவும் உண்டு. வெளிநாட்டு வணிகப் படப்பிடிப்புக்கு 2006-இல் வனுவாட்டு கலாச்சார மையம் தடை விதித்தது.

முடிவெடுப்பது தலைவர்கள் மட்டும்தானா? பெண்களுக்கு இடம் உண்டா?

ஊருக்குள் தலைவர், அதற்குமேல் பகுதி மன்றம், அதற்குமேல் பெனாமா மாகாணம் (பெந்தெகொஸ்தே, அம்பாய், மயேவோ மூன்றும் சேர்ந்தது), நாடு முழுமைக்கும் மல்வதுமௌரி என்ற தலைவர்கள் பேரவை. இதோடு தேவாலயம், தண்ணீர்க் குழு, பள்ளிக் குழு, பேரிடர்க் குழு. ஒரே ஆள் மூன்று நான்கு குழுவில் இருப்பார்.

பெண்களைப் பொறுத்தவரை நிலைமை நன்றாக இல்லை. பல ஊர்களில் நகமாலில் பேசும் உரிமை ஆண்களுக்குத்தான். நாடாளுமன்றத்தில் 52 இடங்களில் 2022 தேர்தலில் வென்றது ஒரே பெண், அதற்கு முன் பத்து வருஷமாக ஒருவர்கூட இல்லை. அதே நேரம், 1987-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்களில் ஒருவரும் பிறகு சுகாதார அமைச்சராக இருந்தவருமான ஹில்டா லினி இந்தத் தீவுக்காரர், வால்ட்டர் லினியின் தங்கை. பாய் நெய்யும் பெண்கள் சங்கமும் தேவாலய மாதர் குழுவும்தான் இன்றைக்கு ஊரில் பெண்களின் குரல் எழும் இடங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே வர வேண்டும் என்று குடம் சுமப்பவர்களைக் கேட்காமல் முடிவு செய்தால் அது எங்கே வந்து நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர், சாலை, ஆஸ்பத்திரி?

தண்ணீர் பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து குழாயில் தானாக இறங்கி வருவது, இல்லையென்றால் மழைத்தொட்டி. போட்டுக் கொடுப்பது சுலபம், பராமரிப்பதுதான் பாடு. ஒரு நிலநடுக்கத்தில் குழாய் விலகினால், ஒரு திருகு குழாயில் வாஷர் தேய்ந்தால், மாற்றுப் பொருள் அடுத்த கப்பலில்தான் வரும். மாதாமாதம் சின்னத் தொகை வசூலித்து, குழாய் பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞரை வைத்திருக்கும் ஊரில் தண்ணீர் ஓடுகிறது.

சாலை என்றால் மேற்குக் கரையோரம் மண்பாதை, கனத்த மழையில் ஓடை பெருகினால் லாரி நின்றுவிடும். வடக்கே அப்வதுந்தோராவிலும் நடுவே மெல்சிசியிலும் சுகாதார நிலையம் இருக்கிறது. அறுவை சிகிச்சை என்றால் கடல் தாண்ட வேண்டும், அம்பாயில் லொலொவாய் ஆஸ்பத்திரிக்கோ சாந்தோவில் லுகன்வில்லுக்கோ. 2017-இலும் 2018-இலும் அம்பாய் எரிமலை சீறி, அந்தத் தீவின் சுமார் 11,000 பேரையும் வெளியேற்றியபோது பக்கத்து ஆஸ்பத்திரியும் இல்லாமல் போனது, அகதிகளாக வந்தவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. 2018 இறுதியில் யுனிசெஃப் உதவியோடு ட்ரோனில் தடுப்பூசி அனுப்பிப் பார்த்தார்கள், சோதனை நடந்த தீவுகளில் பெந்தெகொஸ்தேயும் ஒன்று. நடந்து போனால் நாள் முழுக்க ஆகும் ஊருக்குக் குளிர்ச்சி கெடாமல் மருந்து போய்ச் சேர்வது பெரிய விஷயம்தான், ஆனால் அங்கே ஊசி போட ஒரு நர்ஸ் வேண்டும். முதலில் நர்ஸுக்கு வீடும் சம்பளமும், அப்புறம் ட்ரோன்.

புயல் வந்தால் என்ன ஆகிறார்கள்?

2020 ஏப்ரல் 6 அன்று ஹரால்ட் புயல், ஐந்தாம் வகை, தீவின் தென்பகுதியை நாசமாக்கியது. கோவிட் காரணமாக நாட்டின் எல்லையை மூடி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டு நிவாரண ஆட்கள் வர முடியவில்லை, வந்த சரக்கும் தனிமைப்படுத்தலில் கிடந்தது. முதல் நாட்களில் ஊரை நிமிர்த்தியது ஊர்க்காரர்களும் உள்நாட்டு அமைப்புகளும்தான். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைக்கும், ஓரளவு. வாழையும் காவாவும் கூரைக்கு வேண்டிய நத்தங்குராவும் போனால் திரும்ப வர வருஷங்கள் பிடிக்கும். அதற்குள் 2023 அக்டோபரில் லோலா, புயல் பருவம் தொடங்கும் முன்பே, வடக்கையும் நடுவையும் அடித்தது. பருவநிலை மாற்றம் பற்றி சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும்படி 2023-இல் ஐ.நா.வை இந்தச் சின்ன நாடு ஒப்பவைத்ததும், 2025 ஜூலையில் அந்தக் கருத்து வந்ததும் இப்படித் திரும்பத் திரும்ப அடிவாங்கிய அனுபவத்திலிருந்து பிறந்தவை.

இன்னொன்று, நான் எல்லோருக்கும் சொல்வது. 1999 நவம்பர் 27, நள்ளிரவு தாண்டி, தென்கோடியில் பெரிய நிலநடுக்கம். மார்ட்டெல்லி விரிகுடா ஊரில் யாரோ கடல் உள்வாங்கியதைப் பார்த்துச் சத்தம் போட, மொத்த ஊரும் மேட்டுக்கு ஓடியது. பின்னாலேயே வந்த சுனாமி வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது, ஆனால் மிகச் சிலர் தவிர முன்னூறு பேர் அளவில் இருந்த ஊர் பிழைத்தது. காரணம், சில வாரங்களுக்கு முன்புதான் அவர்கள் ஜெனரேட்டர் வைத்து டிவியில் ஒரு வீடியோ பார்த்திருந்தார்கள், முந்தின வருஷம் பாப்புவா நியூகினியில் நடந்த சுனாமியைப் பற்றியது. 2004-ஐப் பார்த்த நமக்கு இதன் மதிப்பு தெரியும். ஒரு வீடியோ, ஒரு ஜெனரேட்டர், பார்த்ததை நினைவில் வைத்து ஒரே குரலில் நகர்ந்த ஊர். தீவுக்கு வந்த உதவிகளிலேயே மலிவானதும் சிறந்ததும் அதுதான் என்பேன்.

இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்களா?

பலர் இல்லை. நியூசிலாந்து 2007-இல் தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்திலும், பிறகு ஆஸ்திரேலியாவிலும் பழம் பறிக்கப் போகிறார்கள், மாதக்கணக்கில். திரும்பும்போது சிமெண்ட் வீடு, சோலார் பலகை, சில சமயம் ஒரு லாரி. தோட்டம் வெட்ட, கூரை வேய, குழந்தையைப் பார்க்க ஆள் குறைகிறது, குடும்பங்களும் சில உடைகின்றன. போக வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. முறை வைத்து அனுப்பி, சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்ல வழி.

நான் உதவ வேண்டும் என்றால்?

பழைய துணி அனுப்பாதீர்கள். கப்பல் கூலி துணி விலையைத் தாண்டும், வந்த பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்கே ஊரில் ஒரு கூட்டம் போட வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்தவர் என்றால் பகுதி மன்றம் வழியாகப் போங்கள், ஊர் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் தண்ணீர்த் திட்டத்தையோ பேரிடர்த் திட்டத்தையோ கேட்டு வாங்கிப் படியுங்கள், அதில் எந்த வரிக்கு ஆள் இல்லை என்று கேளுங்கள். பிஸ்லாமா கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். சுற்றுலாவாகப் போனால் ஊரில் தங்குங்கள், தோட்டத்துக் காய்கறி வாங்குங்கள், பாய்க்குச் சொன்ன விலையைக் கொடுங்கள், படம் எடுக்கும் முன் தலைவரிடம் அனுமதி கேளுங்கள்.